பார்ட்டிக்கு ‘கலர்’ எடுக்கலாமா? கலர் பொடி இல்லாமல் 20 பேருக்கு ஒரு சர்பத் பஞ்ச்!

“விருந்தாளி வந்திருக்காங்க, ஓடிப்போய் ரெண்டு கலர் வாங்கிட்டு வா!”

தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கே இந்த வசனம் மனப்பாடம். கலர் என்றால் கண்ணாடி பாட்டிலில் வரும் சிவப்பு, மஞ்சள், பச்சை சோடா. குடிக்கும் பொருளுக்கு அதன் நிறத்தையே பெயராக வைத்த ஊர் நம்முடையது. இப்போது கடைக்கு ஓடும் வேலை குறைந்துவிட்டது. அந்த இடத்தை ரீல்ஸ் பிடித்துக்கொண்டது. பெரிய கண்ணாடிக் கிண்ணம், அதில் மிதக்கும் வண்ண வண்ண ஐஸ் உருண்டைகள், மேலே சோடா ஊற்றியதும் பொங்கும் நுரை என்று 15 விநாடியில் முடிந்துவிடும் அந்த வீடியோவுக்குப் பெயர் ஷெர்பெட் பஞ்ச். ஹவுஸ் வார்மிங், பர்த்டே, வளைகாப்பு என எந்த விசேஷத்துக்கும் செய்துவிடலாம் போலத் தோன்றும்.

செய்யலாம்தான். ஆனால் வீடியோவில் பார்த்த அந்தப் பளபளப்பை வீட்டில் கொண்டுவர, பலரும் முதலில் தேடுவது கலர் பொடி டப்பாவை. அது தேவையே இல்லை என்பதுதான் விஷயம். ஏன், எப்படி? பார்க்கலாம்.

ஷெர்பெட் பஞ்ச் என்றால் என்ன?

அமெரிக்காவில் பேபி ஷவர், பர்த்டே பார்ட்டிகளில் வழக்கமாக இருக்கும் பானம் இது. செய்முறை ரொம்பவே சிம்பிள். குளிர்ந்த பழச்சாற்றை ஒரு பெரிய கிண்ணத்தில் ஊற்றி, ஷெர்பெட் உருண்டைகளைப் போட்டு, மேலே ஜிஞ்சர் ஏல் அல்லது லெமன் சோடா ஊற்றுவார்கள். அவ்வளவுதான்.

இங்கே ஷெர்பெட் என்பது நம் ஊர் சர்பத் இல்லை. பழச்சாறும் சர்க்கரையும் கொஞ்சம் பாலும் சேர்த்து உறைய வைத்த ஐஸ். அமெரிக்க விதிப்படி அதில் பால் கொழுப்பு 1 முதல் 2 சதவீதம் வரைதான் இருக்க வேண்டும். ஐஸ்கிரீமை விட லேசாக இருக்கும். பிரிட்டனில் போய் ஷெர்பெட் கேட்டால், நாக்கில் வைத்ததும் சுர்ரென்று பொங்கும் இனிப்புப் பொடியைத் தருவார்கள்.

ஆனால் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். குடிப்பது என்று பொருள் தரும் அரபுச் சொல்லில் பிறந்து, பாரசீகம், துருக்கி வழியாகப் பயணித்த சொல் ஒரு பக்கம் ஷெர்பெட் ஆனது. இன்னொரு பக்கம் நம் தெருமுனை நன்னாரி சர்பத் ஆனது.

பஞ்ச் கதை இன்னும் சுவாரசியம். அது குத்துவிடுகிற பஞ்ச் இல்லை, பஞ்சாமிர்தத்தின் பஞ்ச. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா என ஐந்து பொருள் சேர்ந்ததால் இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் அதை இந்தப் பெயரில் அழைத்தார்கள் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். 1632-லேயே கிழக்கிந்தியக் கம்பெனி ஆள் ஒருவரின் கடிதத்தில் இந்தச் சொல் வந்துவிட்டது. ஆக, பெயரில் பாதி அரபு, பாதி இந்தியா. நாம் செய்வதற்கு முழு உரிமையும் உண்டு!

அதை அப்படியே இங்கே செய்ய முடியாதா?

இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று, பால் கலந்த ஷெர்பெட் நம் ஊர் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. அதற்குப் பதிலாக வெனிலா ஐஸ்கிரீமைப் போட்டு எலுமிச்சைச் சாற்றை ஊற்றினால் திரிதிரியாகத் திரிந்துவிடும். பச்சை அன்னாசிச் சாறும் கைகொடுக்காது. அதிலுள்ள ப்ரோமலைன் என்ற என்சைம் பால் புரதத்தை உடைத்து, கொஞ்ச நேரத்தில் கசப்பைக் கொண்டுவந்துவிடும். அன்னாசியைக் கொதிக்கவைத்துச் சேர்த்தால் அந்தப் பிரச்சினை இல்லை.

இரண்டாவது சிக்கல் நிறம். கடையில் விற்கும் ஷெர்பெட்டின் பளிச் நிறம் பெரும்பாலும் பழத்திலிருந்து வருவதில்லை. அதே பளிச்சை வீட்டில் கொண்டுவர நினைக்கும்போதுதான் கலர் பொடி உள்ளே வருகிறது.

கலர் பொடியில் அப்படி என்ன பிரச்சினை?

எல்லா கலர் பொடியும் விஷம் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் உணவில் சேர்க்க 8 செயற்கை நிறமிகளுக்கு அனுமதி உண்டு. டார்ட்ரசீன், சன்செட் யெல்லோ, கார்மோசின், பான்சோ 4ஆர், எரித்ரோசின், இண்டிகோ கார்மைன், பிரில்லியன்ட் ப்ளூ, ஃபாஸ்ட் கிரீன் ஆகியவை அவை. அதுவும் குறிப்பிட்ட உணவு வகைகளில், குறிப்பிட்ட அளவுக்குள் மட்டுமே.

பிரச்சினை மூன்று இடத்தில் வருகிறது.

1. எது என்றே தெரியாது. பொட்டலத்தில் கட்டித் தரும் லேபிள் இல்லாத பொடியில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பஞ்சுமிட்டாய் விவகாரம் நினைவிருக்கலாம். துணிகளுக்குச் சாயமேற்றப் பயன்படும் ரோடமின்-பி அதில் இருப்பது ஆய்வகச் சோதனையில் உறுதியான பிறகுதான், 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது. அதற்குச் சில நாட்கள் முன்பே புதுச்சேரியில் தடை வந்துவிட்டது. அந்த ரோஸ் நிறத்தைப் பார்த்து ஆசைப்பட்டவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள்.

2. அளவு கைக்கு அடங்காது. அனுமதிக்கப்பட்ட நிறமிக்கும் பொதுவான உச்சவரம்பு 10 லட்சத்தில் 100 பங்கு. அதாவது ஒரு லிட்டருக்கு 100 மில்லிகிராம். 5 லிட்டர் பஞ்ச் என்றால் மொத்தமே அரை கிராம். வீட்டு கிச்சன் தராசு அரை கிராமைச் சரியாகக் காட்டாது. போதாததற்கு டப்பாவில் இருப்பது முழுக்க நிறமியும் இல்லை, உப்பு போன்ற வேறு பொருட்களும் கலந்திருக்கும். “ஒரு சிட்டிகை போடு, பத்தலைன்னா இன்னொரு சிட்டிகை” என்கிற நம் வழக்கத்தில் வரம்பு எங்கே தாண்டியது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

3. குழந்தைகள் விஷயத்தில் கேள்விகள் இருக்கின்றன. 2007-ல் பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சில செயற்கை நிறமிகளையும் சோடியம் பென்சோவேட்டையும் கலந்த பானத்தைக் குடித்த குழந்தைகளிடம் துறுதுறுப்பு கூடுவதாகக் கண்டார்கள். விளைவு சராசரியாகச் சிறியதுதான், எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே மாதிரியும் இல்லை. இருந்தாலும் 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த ஆய்வில் வந்த 6 நிறமிகள் சேர்ந்த உணவுகளின் லேபிளில் எச்சரிக்கை வாசகம் கட்டாயம். டார்ட்ரசீனும் சன்செட் யெல்லோவும் அந்தப் பட்டியலில் உண்டு. 2025 ஜனவரியில் அமெரிக்கா, எரித்ரோசின் என்கிற சிவப்பு நிறமிக்கு உணவில் கொடுத்திருந்த அனுமதியையும் திரும்பப் பெற்றது. எலிகளில் தெரிந்த பாதிப்புதான் அதற்குக் காரணம். மனிதர்களுக்கு அதே வழியில் பாதிப்பு வருவதாக நிரூபணம் இல்லை என்பதையும் அந்நாட்டு அமைப்பே சொல்லியிருக்கிறது.

பயமுறுத்துவதற்காக இதையெல்லாம் சொல்லவில்லை. பாட்டில் சிரப் வாங்கினால் லேபிளைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வரட்டும் என்பதற்காகத்தான். ஐ.என்.எஸ். 102 என்றால் டார்ட்ரசீன், 110 சன்செட் யெல்லோ, 122 கார்மோசின், 124 பான்சோ 4ஆர், 127 எரித்ரோசின், 133 பிரில்லியன்ட் ப்ளூ. 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

நம் வீட்டு பஞ்சுக்கு இந்த எண்களே தேவைப்படாது. நிறத்தைப் பழத்திடமும் பூவிடமும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

20 பேருக்கு என்னென்ன தேவை?

ஒரு கிளாஸ் 200 மி.லி. என்று வைத்துக்கொண்டால் 20 பேருக்கு 4 லிட்டர். “இன்னொரு கிளாஸ் கிடைக்குமா?” என்று கேட்பவர்களையும் சேர்த்து 5 லிட்டர், அதாவது 25 கிளாஸ். ஒவ்வொரு கிளாஸிலும் 140 மி.லி. பானம், 3 வண்ண ஐஸ் கட்டிகள். இதுதான் கணக்கு.

*நிறமில்லாத பானத்துக்கு (மூன்றரை லிட்டர்):*

• இளநீர் – 1 லிட்டர் (அளவைப் பொறுத்து 3 அல்லது 4 காய்)
• எலுமிச்சைச் சாறு – 200 மி.லி. (8 முதல் 10 பழம்)
• இஞ்சி – 100 கிராம், சர்க்கரை – 200 கிராம், தண்ணீர் – 250 மி.லி. (இஞ்சிப் பாகுக்கு)
• இனிப்பில்லாத சோடா – 2 லிட்டர்
• உப்பு – 2 சிட்டிகை, புதினா – ஒரு கைப்பிடி

*வண்ண ஐஸ் கட்டிகளுக்கு (ஒவ்வொன்றும் சுமார் அரை லிட்டர்):*

• சிவப்பு – விதை நீக்கிய தர்பூசணி 600 கிராம், சர்க்கரை 4 டேபிள்ஸ்பூன்
• மஞ்சள் – நன்கு பழுத்த 2 பெரிய மாம்பழம், சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன்
• நீலம் – 20 சங்குப்பூ, அரை லிட்டர் தண்ணீர்

மாம்பழ சீசன் இல்லையா? கேரட்டையும் சாத்துக்குடியையும் சேர்த்து அரைத்து வடிகட்டினால் மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே ஒரு நிறம் கிடைக்கும். தர்பூசணி இல்லாத நாட்களில் மாதுளை.

செய்முறை

*முந்தின நாள் இரவு*

1. தர்பூசணியைச் சர்க்கரையோடு மிக்ஸியில் அரைத்து வடிகட்டி, ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள்.
2. மாம்பழச் சதையைச் சர்க்கரை, அரை கப் தண்ணீரோடு அரைத்து இன்னொரு ட்ரேயில் ஊற்றுங்கள்.
3. சங்குப்பூவின் பச்சைக் காம்பைக் கிள்ளிவிட்டு, கழுவிய இதழ்களைக் கொதித்து இறக்கிய தண்ணீரில் 10 நிமிடம் ஊற வையுங்கள். தண்ணீர் மை போல நீலமாகிவிடும். வடிகட்டி, ஆறவிட்டு ட்ரேயில் ஊற்றுங்கள்.
4. இஞ்சியைத் துருவி, சர்க்கரை, தண்ணீரோடு சிறுதீயில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். சுமார் 300 மி.லி. பாகு கிடைக்கும். ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சோடா பாட்டில்களும் ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும்.

மொத்தம் 75 ஐஸ் கட்டிகள் வேண்டும். அத்தனை ட்ரே எந்த வீட்டிலும் இருக்காது. இரண்டு நாள் முன்பே தொடங்கி, உறைந்த கட்டிகளை டப்பாவுக்கு மாற்றிக்கொண்டே வரலாம். இல்லையென்றால் எவர்சில்வர் தட்டில் ஊற்றி உறைய வைத்து உடைத்துக்கொள்ளலாம்.

*விருந்தாளிகள் வருவதற்கு 2 மணி நேரம் முன்பு*

இளநீர், எலுமிச்சைச் சாறு, இஞ்சிப் பாகு, உப்பு எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் கலந்து ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

*பரிமாறும்போது*

கலவையைப் பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, சோடாவைக் கிண்ணத்தின் ஓரமாக மெதுவாக ஊற்றுங்கள். புதினா இலைகளைக் கிள்ளிப் போடுங்கள். ஐஸ் கட்டிகளைக் கிண்ணத்தில் கொட்டாமல், நிறம் நிறமாகத் தனித்தனிப் பாத்திரத்தில் பக்கத்தில் வைத்து, அவரவர் கிளாஸில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஐஸை ஏன் கிண்ணத்தில் போடக்கூடாது?

எல்லா நிறமும் ஒன்றாகக் கரைந்தால் கிடைப்பது வானவில் இல்லை. மழைநாள் குட்டைத் தண்ணீர்தான். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் அழகான ஆரஞ்சு. சங்குப்பூவோடு மாம்பழம் சேர்ந்தால் மங்கிய பழுப்பு. அதனால் தர்பூசணியும் மாம்பழமும் ஜோடி, சங்குப்பூ தனி ஆவர்த்தனம்.

அந்தத் தனி ஆவர்த்தனத்தில்தான் பார்ட்டியின் மேஜிக் இருக்கிறது. நீல ஐஸ் கரையக் கரைய, எலுமிச்சை கலந்த பானம் ஊதாவாகி, பிறகு ரோஸாக மாறும். சங்குப்பூவில் இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமி, புளிப்புக்கு ஏற்ப நிறத்தை மாற்றிக்கொள்வதுதான் காரணம். பள்ளி லேபில் லிட்மஸ் தாள் காட்டிய அதே வித்தை, இங்கே கிளாஸுக்குள் நடக்கிறது. குழந்தைகள் கிளாஸை விட்டு நகரமாட்டார்கள்.

சோடாவை ஏன் கடைசியில் ஊற்ற வேண்டும்?

சோடாவில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு, திரவம் சூடாகச் சூடாக வெளியேறிவிடும். முன்கூட்டியே ஊற்றி வைத்தால் விருந்தாளி வரும்போது வெறும் எலுமிச்சைத் தண்ணீர்தான் இருக்கும். எல்லாமே குளிர்ந்திருந்தால் ‘சுர்’ அதிக நேரம் நிற்கும். அமெரிக்க பஞ்சில் பார்த்த அந்தக் கெட்டி நுரை இதில் வராது. அது ஷெர்பெட்டில் இருக்கும் பால் புரதம் குமிழிகளைப் பிடித்து வைப்பதால் வருவது. நம்முடையது நுரை குறைவு. அதனால்தான் கிளாஸில் நிறம் தெளிவாகத் தெரிகிறது.

ஒரு கிளாஸில் எவ்வளவு சர்க்கரை?

தனியாகச் சேர்த்தது மொத்தம் சுமார் 275 கிராம். 25 கிளாஸுக்குப் பிரித்தால் ஒன்றுக்குச் சுமார் 11 கிராம். பழத்திலும் இளநீரிலும் உள்ள இனிப்பு இதில் சேரவில்லை. அதே 200 மி.லி. கோலா வகை குளிர்பானத்தில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். பெரியவர்கள் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது கூடுதல் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கணக்கில் பார்த்தால் இது குறைவு. ஆனால் ஹெல்த் டிரிங்க் என்று யாரும் பெயர் வைத்துவிட வேண்டாம்.

யாருக்கெல்லாம் தனி கவனம் வேண்டும்?

• சர்க்கரை நோய் உள்ளவர்கள்: பாகு சேர்ப்பதற்கு முன்பே அவர்களுக்குத் தனி ஜக் எடுத்துவையுங்கள். எலுமிச்சை, உப்பு, புதினா, சோடாவோடு நீல ஐஸ் கட்டி போட்டுக் கொடுக்கலாம், அதில் சர்க்கரை இல்லை. கலரும் குறையாது, “எனக்கு மட்டும் வெறும் தண்ணியா?” என்ற வருத்தமும் இருக்காது.
• சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள்: இளநீரில் பொட்டாசியம் அதிகம். பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லி டாக்டர் அறிவுறுத்தியவர்களுக்கு இளநீர் கலந்ததைத் தராதீர்கள். மேலே சொன்ன தனி ஜக் அவர்களுக்கும் பொருந்தும்.
• கர்ப்பிணிகள்: சங்குப்பூவை கர்ப்ப காலத்தில் எடுத்துக்கொள்வது பற்றிப் போதிய ஆய்வுகள் இல்லை. வளைகாப்பு என்றால் நீலத்தை விட்டுவிட்டு சிவப்பும் மஞ்சளும் மட்டும் வைப்பது நல்லது.
• சின்னக் குழந்தைகள்: முழு ஐஸ் கட்டி தொண்டையில் சிக்கலாம். நொறுக்கிப் போட்டுக் கொடுங்கள்.

இந்தத் தவறுகளை மட்டும் செய்யாதீர்கள்

செம்பு, பித்தளைப் பாத்திரம் வேண்டாம். போட்டோவுக்கு செம்பு டிஸ்பென்சர் செமயாக இருக்கும். ஆனால் எலுமிச்சையின் அமிலம் செம்பைக் கரைத்துப் பானத்தில் இறக்கிவிடும். வாந்தி, வயிற்றுவலியில் கொண்டுபோய் விடலாம். அலுமினியமும் வேண்டாம். கண்ணாடி, எவர்சில்வர் போதும்.

கடை ஐஸ் கட்டி வேண்டாம். மீன் பதப்படுத்த வரும் ஐஸ் குடிநீரில்தான் செய்யப்பட்டது என்று நிச்சயமில்லை. கூடுதல் குளிர்ச்சி வேண்டுமென்றால் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் வீட்டிலேயே உறைய வையுங்கள்.

பூஜைக்கு விற்கும் பூ வேண்டாம். அதில் பூச்சிமருந்து அடித்திருக்கலாம். வீட்டு வேலியில், மாடித் தோட்டத்தில் பூத்த சங்குப்பூ என்றால் சரி. இல்லையென்றால் உணவுக்கென்று உலர்த்தி விற்பதை வாங்குங்கள்.

புகை எஃபெக்ட் வேண்டவே வேண்டாம். கிண்ணத்திலிருந்து புகை வழிவது போன்ற வீடியோக்களுக்குப் பின்னால் இருப்பது ட்ரை ஐஸ், அதாவது மைனஸ் 78 டிகிரியில் இருக்கும் திட கார்பன் டை ஆக்சைடு. 2024 மார்ச்சில் ஹரியானாவின் குருகிராமில் ஓர் உணவகத்தில், வாய் புத்துணர்ச்சிக்கு என்று நினைத்து ட்ரை ஐஸை வாயில் போட்டவர்கள் ரத்த வாந்தி எடுத்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 20 பேர் கூடும் வீட்டில், ஒரு குழந்தையின் கிளாஸுக்குள் ஒரு துண்டு போய்விடாது என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

வெளியே ரொம்ப நேரம் வைக்காதீர்கள். பழமும் இளநீரும் கலந்தது 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது. மொட்டைமாடி பார்ட்டியில் வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். அதனால் முழுவதையும் ஒரேயடியாகக் கலக்காமல் பாதி பாதியாகக் கலந்து வெளியே கொண்டுவாருங்கள். சோடாவும் ஃப்ரெஷ்ஷாக இருக்கும்.

நிறம் கொஞ்சம் மங்கலாக இருந்தால்?

இருக்கட்டும். தர்பூசணி ஐஸ் ரீல்ஸில் வருவது போல ரத்தச் சிவப்பாக இருக்காது, வெளிர் ரோஸாகத்தான் இருக்கும். பழத்தின் நிறம் அப்படித்தான். நம் வீட்டுக்கு வந்து கிளாஸை வாங்குபவர்கள் அதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்பதில்லை. குழந்தைகளிடமும் “வாங்கிக் குடி” என்றுதான் சொல்கிறார்கள், நம் மேல் இருக்கும் நம்பிக்கையில். யாராவது “இந்த நீலம் எப்படி வந்துச்சு?” என்று கேட்டால், மாடித் தோட்டத்துச் செடியைக் காட்டிவிடலாம்.